நிலத்தடி ஆய்வுச் சேவை: பத்து காஜா தோட்டக் கோயிலில் இரண்டு நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா ஊருக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டக் கோயிலில் புதிய மண்டபத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன், பழைய கோயிலின் அடித்தளம் எங்கே புதைந்து கிடக்கிறது என்று அறிய, நிலத்தடி ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் அரைகுறையாக நின்றுபோன கெல்லி கோட்டையிலிருந்து கோயில்வரை சுரங்கம் செல்கிறது என்னும் கதையைக் கேட்காத பிள்ளை இந்த வட்டாரத்தில் இல்லை. எங்கள் நிர்வாகத்தில் பாதிப் பேர் தேடியது அடித்தளத்தை அல்ல, அந்தச் சுரங்கத்தைத்தான்.

முதல் நாள், மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பித் திரும்புவதைப் பதியும் ராடார் கருவியைப் புல்வெட்டும் வண்டிபோல் அரை மீட்டர் இடைவெளியில் தள்ளிச் சென்றார்கள். ஈரக் களிமண் ரேடியோ அலையை விழுங்கிவிடும். முழங்கால் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெளியவில்லை. முந்தைய இரவு மழை கொட்டியிருந்தும் தேதியை மாற்றாதது அவர்கள் தவறு. சுட்ட செங்கல் ஆறும்போது பூமியின் காந்தத் தன்மையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காந்தமானி அதனை நன்றாகவே காட்டும், ஆனால் எங்கள் இரும்பு வேலியும் தகரக் கொட்டகையும் அந்தக் கருவியைக் குழப்பிவிட்டன.

வேலை நடந்தது இரண்டாம் நாளில்தான். இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார்கள். கெடா மாநிலத்தின் சுங்கை பத்து அகழாய்விலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் கையாண்ட முறைகளுள் இதுவும் ஒன்று. ஈர மண் மின்சாரத்தை எளிதில் விடும், செங்கல் தடுக்கும்; அரசமரத்துக்குக் கிழக்கே மூலைமட்டம் வைத்தாற்போல் திரும்பும் ஒரு கோடு மடிக்கணினியில் தோன்றியபோது, கொடியிலை விரித்த பந்திக்கு வந்தவர்கள்போல் அனைவரும் சூழ்ந்துகொண்டோம். “சுரங்கம் இருக்கிறதா, தம்பி?” என்று பொருளாளர் கேட்டார். “நாங்கள் அளந்த இரண்டு மீட்டருக்குள் வெற்றிடம் எதுவும் தெரியவில்லை, ஐயா, அதற்குக் கீழே இருப்பதை இந்த அளவீடு சொல்லாது” என்றார் அந்த இளைஞர். வாடிக்கையாளரை மகிழ்விக்கக் கதை கட்டாத அந்த நேர்மைக்காகவே கட்டணம் எனக்கு உறுத்தவில்லை.

அறிக்கை ஆறு வாரம் கழித்து, முழுவதும் ஆங்கிலத்தில் வந்தது. வண்ணப் படங்களுக்கு விளக்கக் குறிப்பே இல்லாததால், சிவப்பாக இருந்த இடத்தைத் தலைவர் புதையல் என்றே எண்ணிக்கொண்டார். மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகே விளக்கம் கிடைத்தது. கோடு திரும்பிய இடத்தில் சிறு குழி வெட்டிப் பார்த்தோம். இரண்டடி ஆழத்தில், சுண்ணாம்புக் காரை ஒட்டிய செங்கல் வரிசை கையில் தட்டுப்பட்டது. மண்டபத்தை மேற்கே நகர்த்திவிட்டோம்.