மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு 15 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள்

மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் கடந்த ஜூலையில் கனடா சென்றோம். மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயண முகவரிடம் டிக்கெட் எடுத்தபோது, மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் முதலில் கேட்டேன். அவர் கணினியைப் பார்த்து, "13,650 கிலோமீட்டர், 15 மணி 10 நிமிடம் சார்" என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தார். மதுரையில் மாலை ஆறு மணிக்குப் புறப்பட்ட நாங்கள் டொராண்டோவில் இறங்கியபோது 37 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது.

அந்தத் தூரம் பொய்யல்ல. பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம் அது. அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் அவர் சொன்ன நேரம் வந்துவிடும். பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான நான் அந்த வகுத்தலை அங்கேயே போட்டுப் பார்க்காததை என்னவென்று சொல்வது! மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது. வளைகுடாவிலிருந்து டொராண்டோ வரையிலான சுமார் 11,000 கிலோமீட்டருக்கு மட்டுமே எங்களுக்கு 14 மணி 10 நிமிடம் ஆயிற்று. ஓடுபாதையில் ஊர்வதும், ஏறி இறங்குவதும், மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்றும் அதில் அடக்கம்.

டிக்கெட்டைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வராததற்குக் காரணம் உண்டு. சென்னையில் அதிகாலை 3.30 மணிக்குப் புறப்பாடு, டொராண்டோவில் அதே தேதியில் இரவு 9.40 மணிக்கு வருகை என்று அச்சாகியிருந்ததால், 18 மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். கோடைக்காலத்தில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. வருகை நேரத்தை இந்திய நேரமாக்கிவிட்டுக் கழித்திருந்தால், சென்னையிலிருந்தே 27 மணி 40 நிமிடம் என்பதும், அதில் ஒன்பதேகால் மணி நேரம் வளைகுடா விமான நிலையத்து நாற்காலியில் என்பதும் தெரிந்திருக்கும்.

இதைவிட மோசமானது, மதுரை–சென்னை டிக்கெட்டை வேறு பி.என்.ஆர். எண்ணில் அவர் தனியாக எடுத்திருந்தது. பெட்டிகளைச் சென்னையில் இறக்கி மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. மதுரை விமானம் பெரிதாகத் தாமதமாகியிருந்தால், அடுத்த விமானத்தைத் தவறவிட்ட இழப்பு முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். ஒரே பி.என்.ஆரில் கேளுங்கள், காத்திருப்பையும் சேர்த்த மொத்த நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "நான் சொன்னது பறக்கும் நேரம் சார்" என்றார் முகவர். சேவைக் கட்டணமாக வாங்கிய 4,000 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பவில்லை. ஊர் திரும்புவதற்கான டிக்கெட்டும் அவர் எடுத்ததுதான். அதிலும் சென்னை–மதுரை தனியாகவே இருக்கிறது.