கூடிப் பட்டாசு வெடிக்க எந்த இடம்? தெரு, மாடி, கடற்கரை, காலி மனை: ஓர் அலசல்

தீபாவளி ராத்திரி வீட்டுக்கு வீடு தனித்தனியாக வெடிக்காமல், எல்லாரும் காசு போட்டு வாங்கி ஒரே இடத்தில் வெடிக்கலாம் என்று எங்கள் லேஅவுட்டில் பேச்சு வந்தபோது பணத்தில் சண்டை வரவில்லை, இடத்தில்தான் வந்தது. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கடைசியில் கோடியில் இருக்கும் காலி மனைகள்தான் என்று முடிவாயிற்று. அந்தப் பக்கம் நின்று பேசியவன் நான். அதனால் கீழே வருவதில் நடுநிலையைத் தேட வேண்டாம்.

திறந்தவெளியில் கூட்டாக வெடியுங்கள், உள்ளாட்சியிடம் முன்அனுமதி வாங்குங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் அறிக்கை விடுகிறது. சென்னைப் புறநகரில் அந்தத் திறந்தவெளியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. நேரமும் கொஞ்சம்தான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வழக்கமாகிவிட்டது. மாலையில் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். இருட்டுவதற்குள் எல்லாம் அடுக்கித் தயாராக இருக்கக்கூடிய இடமாக வேண்டும்.

பள்ளி மைதானம், கோயில் திடல் இரண்டையும் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பார்க்க அருமையான இடங்கள். ஆனால் கல்வி நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பேச்சு அங்கேயே முடிந்தது.

தெருவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தலைக்கு மேல் மின்கம்பி, கேபிள். இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவில் ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிட வேண்டும். புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்புக்குத் தெரு போதும். தாத்தா பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. வானத்துக்குப் போகிற எதற்கும் தெரு ஆகாது.

மொட்டை மாடிக்குத்தான் ஆதரவு அதிகம். சமதளமான சிமென்ட் தரை, பூட்டிக்கொள்ளக் கதவு, நம் வீட்டு ஆட்கள் மட்டும். உயரத்தில் இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஒரு நம்பிக்கை. அது தலைகீழ். மேலே போவது மாடிக்கே திரும்பி வராது, பக்கத்து வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு மறுநாள் காலை எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் தெரியும்: சின்டெக்ஸ் தொட்டி இடுக்கில் நுனி கருகிய ராக்கெட் குச்சி, சோலார் பலகை மேல் சாம்பல், மாடித் தோட்டத்தின் பச்சை வலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தீப்பொறி அணைந்த இடம். வலைக்குப் பதில் கூரையோ காயப்போட்ட துணியோ இருந்திருந்தால்? இன்னொன்று, மாடியிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு. முப்பது பேர் நிற்கும்போது, குழல் குழலாக அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாக வானத்துக்குப் போகிற ஸ்கை ஷாட் பெட்டி ஒன்று சாய்ந்தால் எங்கே ஓடுவது?

ஆகவே இடத்தைத் தேடும்போது எங்கே வைத்து வெடிக்கிறோம் என்பதை விட, வெடித்தது எங்கே போய் விழும் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்கை ஷாட் வெடித்தபின் அட்டைத் துண்டும், களிமண் அடைப்பும், அணையாத பொறியும் காற்றோடு நகர்ந்துதான் இறங்கும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் செங்கலும் கயிறும் வைத்துச் சமாளிக்கக்கூடிய விஷயங்கள்.

இந்தக் கணக்கில்தான் கடற்கரை தோற்கிறது. எதிரே கடல், விழுவதெல்லாம் தண்ணீரில் விழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஐப்பசி மாலையில் சென்னையில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து கரைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தால் வடகிழக்கிலிருந்து. தொடங்காவிட்டால் மாலைக் கடல்காற்று. இரண்டிலும் குப்பை வந்து சேர்வது சாலைப் பக்கம் நிற்கும் நம் தலையிலும், சுண்டல் வண்டியிலும், நிறுத்தியிருக்கும் கார்களிலும்தான். மணலில் பெட்டியைப் பாதி புதைத்தால் அசையாமல் நிற்கும் என்பது உண்மை, அந்த அளவில் கடற்கரைக்கு இணை கிடையாது. ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க வருகிற ஊர்க் குழந்தைகளை எந்தக் கயிறு கட்டித் தடுப்பது? போதாததற்கு, சிதறிய பிளாஸ்டிக் மூடிகளை மணலிலிருந்து பொறுக்கி முடியாது, அடுத்த அலை கொண்டுபோய்விடும்.

இனி காலி மனை. எங்கள் லேஅவுட்டில் வீடுகள் எல்லாம் கிழக்கே. மேற்குக் கோடியில் ஒட்டினாற்போல் சில மனைகள் கட்டாமல் கிடக்கின்றன. அதற்கு அப்பால் ஒரு வாய்க்கால், அப்புறம் வெறும் பொட்டல். காற்று கிழக்கிலிருந்து வந்தால் விழுவதெல்லாம் பொட்டலில் விழும், பார்ப்பவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகையில்லாமல் நிற்கலாம். இதற்குமேல் என்ன வேண்டும்? உங்கள் மனைக்கு அப்பால் பொட்டலுக்குப் பதில் பறவைகள் அடையும் ஏரி இருந்தால் விட்டுவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பட்டாசையே நிறுத்திவிட்டார்கள். நாம் இடத்தையாவது மாற்றிக்கொள்ளலாம்.

மனைக்கு வேலை அதிகம், அதை மறைக்கவில்லை. முதலில் உரிமையாளர் சம்மதம். அவர் வெளிநாட்டில் இருந்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒரு வாரம் முன்பே ஆள் விட்டுப் புல்லையும் சீமைக் கருவேல முள்ளையும் வெட்ட வேண்டும். வெட்டியதை அங்கேயே குவித்து வைத்தால் வெட்டாததை விட மோசம். காலி மனை என்றால் ராத்திரியில் குடிக்க வருகிறவர்கள் இருப்பார்கள், புல்லுக்குள் பாட்டில் கண்ணாடி கிடக்கும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கால் வைத்து நடந்து பார்க்காமல் குழந்தைகளை விடக்கூடாது. தெருவிளக்கு எட்டாது என்பதால் ஒரு ஃபோகஸ் லைட் கட்டாயம்.

தரை மேடு பள்ளம். அதனால் ஸ்கை ஷாட் பெட்டிக்குக் கீழே ஒரு பலகை, நாலு பக்கமும் ஹாலோ பிளாக். 25 ஷாட் பெட்டி அகலம் குறைவு, 60 ஷாட்டை விட அதுதான் சீக்கிரம் சாயும். சின்னதுதானே என்று விடக்கூடாது. கயிறு கட்டியது முப்பது தப்படி தள்ளி. ராக்கெட்டை நாங்கள் வாங்கவே இல்லை. எங்கே விழும் என்று கணக்குப் போட முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு இடம் தேடுவதில் அர்த்தமில்லை என்றேன். பையன்களுக்கு இன்னும் என்மேல் கோபம்.

முடிந்தபின் செய்வதிலும் கவனம் வேண்டும். வெடித்த பெட்டியின் அடி வெகுநேரம் சுட்டுக்கொண்டிருக்கும். குனிந்து குழலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. தள்ளி நின்று டார்ச் அடித்தால், காகித மூடி கிழியாமல் ஓரத்தில் ஒரு குழல் நிற்பது தெரியும். அது வெடிக்காத ஷாட். அரை மணி நேரம் விட்டு, பக்கவாட்டில் பிடித்துத் தூக்கித் தண்ணீர் டிரம்மில் முக்கிவிட வேண்டும். மறுநாள் குப்பையைத் தனி மூட்டையாகக் கட்டுங்கள். சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பையை மற்றதோடு சேர்க்காமல் வாங்கிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறது.

மழையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தூறலில் நடத்தியிருக்கிறோம், கொட்டும் மழைக்குப் பிறகு அந்தச் சேற்றில் பலகை நிற்குமா என்று சோதித்ததில்லை. அப்படியானால் தெருவிலேயே புஸ்வாணத்தோடு முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. காற்றுக் கணக்கும் சென்னைக்குச் சொன்னது. கோவை, திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் ஊரில் ஐப்பசி மாலையில் காற்று எந்தப் பக்கம் என்று இரண்டு நாள் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. டெல்டாவில் அந்தச் சமயம் சம்பா நடவு நடந்து வயல் தண்ணீராக இருக்கும், அறுத்த வயல் என்ற யோசனை எடுபடாது.

எங்கள் மனைகளில் ஒன்றுக்குத் தை மாதம் பூமி பூஜையாம். வீடு எழும்பிவிட்டால் மீதி மனைகள் போதாது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று இருக்கிறது, பஞ்சாயத்தில் கேட்க வேண்டும். அதற்குத் தென்மேற்கே ஒரு வீட்டு மாடி முழுக்கச் சோலார் பலகை என்பதால் எனக்கு இப்போதே அரை மனசுதான்.