ஃப்ரீ ஆன்ட்டிவைரஸ் நாலு போட்டு பாத்துட்டு கடைசில விண்டோஸ்லயே இருக்கற டிஃபெண்டருக்கே வந்துட்டேன்

எங்க வீட்டு கம்ப்யூட்டர் அப்பா, நான், பொண்ணு மூணு பேரும் மாத்தி மாத்தி யூஸ் பண்றது. அப்பா மெயில்ல என்ன அட்டாச்மென்ட் வந்தாலும் திறந்து பாத்துடுவாரு, பொண்ணு கேம் மாட்னு சொல்லி எங்கேருந்தோ எதையாவது இறக்குவா. அதனால ஆன்ட்டிவைரஸ் வேணும், ஆனா காசு குடுக்க மனசில்லை, அதுக்காக ஒவ்வொண்ணா போட்டு ஒரு ரெண்டு மாசம் ஓட்டி பாத்தேன்.

முதல்ல போட்டது பேர் வேணாம். இன்ஸ்டால் பண்றப்பவே ஒரு டிக் அவங்களே போட்டு வெச்சிருந்தாங்க, நான் கவனிக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கினதுல கேக்காத ப்ரவுசர் ஒண்ணு வந்து உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் தினமும் மூலையில பாப்அப், "உங்க கம்ப்யூட்டர்ல 37 ப்ராப்ளம் இருக்கு"ன்னு. அப்பா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாரு. உள்ள போய் பாத்தா எல்லாம் குக்கீஸும் (சைட்டுங்க ப்ரவுசர்ல போட்டு வெக்கற குட்டி ஃபைல்) டெம்ப் ஃபைலும், ஒரு வைரஸ் கூட கிடையாது, சரி பண்ணலாம்னு பட்டனை அமுக்கினா பணம் கட்டச் சொல்லுது. இதை தூக்கலாம்னு பாத்தா சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணா முழுசா போகலை, அவங்களே தர்ற ரிமூவல் டூலை இறக்கி சேஃப் மோட்ல (விண்டோஸ் அத்தியாவசியமானத மட்டும் வெச்சு ஓடற நிலை) ஓட்டித்தான் தொலைச்சேன்.

நடுவுல ஒரு முட்டாள்தனமும் பண்ணேன், ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா பாதுகாப்புதானேன்னு ரெண்டு ஆன்ட்டிவைரஸ சேத்து போட்டுட்டேன். எந்த ஃபைலைத் திறந்தாலும் ரெண்டும் அதையே புடிச்சு ஸ்கேன் பண்ணுது, மவுஸ் நகரவே யோசிக்குது. ரியல்டைம்ல பாக்கறது ஒண்ணுதான் இருக்கணும். கூட ஒண்ணு வேணும்னா மால்வேர்பைட்ஸ் ஃப்ரீ மாதிரி நம்ம கூப்பிட்டா மட்டும் வந்து ஸ்கேன் பண்றது ஓகே, அதுல ஆரம்பத்துல ப்ரீமியம் ட்ரையல் ஓடும், முடிஞ்சதும் வெறும் ஸ்கேனர் ஆயிடும், எனக்கு அதுவே போதும்.

இன்னொண்ணு, ஃப்ரீல நிறைய சாய்ஸ் இருக்கற மாதிரி தெரியுது ஆனா அவ்ளோ இல்லை. ஏவிஜிய 2016லயே அவாஸ்ட் வாங்கிடுச்சு, அவாஸ்ட்ட 2022ல நார்ட்டன் கம்பெனி சேத்துக்கிச்சு, அவிராவும் அங்கதான், எல்லாம் இப்ப ஜென் டிஜிட்டல்ங்கற ஒரே குடை. ஃப்ரீயா குடுத்துட்டு எப்படி சம்பாதிக்கறாங்கன்னு கேட்டா, பெரும்பாலும் பெய்டு வெர்ஷனுக்கு நம்மள இழுக்கறதுதான். ஆனா அவாஸ்ட் கதை வேற. ஜம்ப்ஷாட்னு ஒரு துணை கம்பெனி மூலமா யூசர்ங்க எந்தெந்த சைட்டுக்கு போறாங்கன்ற டேட்டாவ வித்துக்கிட்டு இருந்தாங்க, விஷயம் வெளிய வந்து 2020ல அதை மூடினாங்க, அமெரிக்காவோட ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2024ல 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வெச்சுது. நம்மள காவல் காக்க வந்தவனே நம்ம எங்க போறோம்னு நோட் எடுத்து விக்கறான்னா என்ன சொல்றது.

சரி டிஃபெண்டர். விண்டோஸ் 8லேருந்து கூடவே வருது, வேற ஆன்ட்டிவைரஸ் போட்டா அதுவே ஒதுங்கிக்கும், அதை எடுத்துட்டா பொதுவா திரும்ப வந்துடும், ஆனா வந்துச்சான்னு ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. நான் ஐகார் டெஸ்ட் போட்டு பாத்தேன், அது 68 எழுத்து உள்ள ஒரு டெக்ஸ்ட், ஆபத்து எதுவும் இல்லை, ஆன்ட்டிவைரஸ் முழிச்சிட்டிருக்கான்னு பாக்கறதுக்காகவே பண்ணது. சேவ் பண்ண மறு நொடியே புடிச்சுது. முழிச்சிருக்குன்னுதான் அர்த்தம், கெட்டிக்காரன்னு அர்த்தம் இல்லை. எவ்வளவு புடிக்குதுன்னு தெரியணும்னா ஆன்ட்டிவைரஸ்ங்கள சோதிச்சு பாக்கற ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ரெண்டு லேபும் தொடர்ந்து ரிசல்ட் போடறாங்க, ஸ்டார் ரேட்டிங்க நம்பறதுக்கு அதை பாக்கலாம்.

போட்டபடியே விட்டா ரெண்டு விஷயம் கைவிட்டு போகும். ஒண்ணு, விண்டோஸ் செக்யூரிட்டில ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்னு இருக்கும், அதுக்குள்ள வேண்டாத ஆப்ப தடுக்கற ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க, நான் மேல சொன்ன மாதிரி கூடவே ஒட்டிட்டு வர்ற குப்பைக்கு அதான் மருந்து. ரெண்டாவது கண்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ், இது ரான்சம்வேர் நம்ம டாக்குமென்ட், ஃபோட்டோவ பூட்டு போடாம தடுக்கறது, நாமளா போய் ஆன் பண்ணாதான் உண்டு. ஆனா பண்ணதும் பொண்ணோட கேம் சேவ் ஆகலைன்னு ஒரே அழுகை, அந்த கேமை அலவ் லிஸ்ட்ல சேத்தப்புறம்தான் அடங்குனா. ஃபோட்டோ எல்லாம் தனியா ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்லயும் போட்டு கழட்டி வெச்சிருக்கேன், இந்த ஸ்விட்ச்ச மட்டும் நம்பல.

குறை இல்லாம இல்ல. ஃபுல் ஸ்கேன் ஓடறப்ப டாஸ்க் மேனேஜர்ல ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்னு ஒண்ணு டிஸ்க்க போட்டு உருட்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா காபி போட்டு குடிச்சிட்டு வரலாம். நெட் இல்லாதப்ப கொஞ்சம் மந்தம், ஏன்னா நிறைய வேலைய க்ளவுட்ல, அதாவது நெட் வழியா மைக்ரோசாஃப்ட் சர்வர்ல, கேட்டுத்தான் முடிவு பண்ணுது. விண்டோஸ் 10லயே இருக்கறவங்களுக்கு ஒண்ணு, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சாதாரண சப்போர்ட் முடிஞ்சாச்சு, விண்டோஸ்லயே இருக்கற ஓட்டைய எந்த ஆன்ட்டிவைரஸும் அடைக்காது.

இப்ப ஒரு மாசமா பாப்அப் கிடையாது, கம்ப்யூட்டரும் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரலை, அந்த 37 ப்ராப்ளம் என்ன ஆச்சுன்னு நேத்து கூட கேட்டாரு.