ஆர்மா 3: துவக்கு நல்லம், கதவுதான் பிரச்சினை

மவுஸ் சக்கரத்தை இந்தக் கிழமை இரண்டாம் தடவையாகக் கழற்றிப் பூட்டிய கையோடு எழுதுகிறேன். அந்நேரம் பார்த்துத்தான், "ஆர்மா 3 கால் விலைக்கு விழுந்திருக்கு மச்சான், எடுக்கலாமோ?" என்று ஒரு கேள்வி. பதிலில் காரம் கூடியிருந்தால் அதற்குப் பொறுப்பு அந்தச் சக்கரம்.

2013 செப்டெம்பரில் வந்த கணினிப் போர் விளையாட்டு. செக் நாட்டு பொஹீமியா இன்டரெக்டிவ் செய்தது. ஓடி ஓடிச் சுடுகிற வகையில்லை. நடந்து, படுத்து, காத்திருந்து, ஒரு வெடி வைத்து, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சன்னத்தில் செத்துப்போகிற வகை. இவ்வளவும் தெரிந்தவர்களுக்கே இந்தக் குறிப்பு.

நேரே கதவுக்கு வருவோம்.

துவக்கு சுடுவது, நடப்பது, படுப்பது போன்றவற்றைத் தவிர மற்ற அநேக வேலைகளுக்கு இதில் ஒரே பட்டியல்தான். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பட்டியல் திறக்கும். வேண்டிய வரியில் நிறுத்திச் சக்கரத்தையே அமுக்கினால் வேலை நடக்கும். கதவு திறப்பது, ஏணியில் ஏறுவது, வாகனத்தில் ஏறி இறங்குவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, நிலத்தில் கிடக்கும் துவக்கை எடுப்பது, வைத்த குண்டை வெடிக்கவைப்பது எல்லாம் அதற்குள். முதலாவதையும் கடைசியையும் சேர்த்து இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள்.

பட்டியல் நிலையாக இருந்தால் கை பழகிவிடும். அது நிலையாக இருக்காது. உங்களைச் சுற்றிச் சில மீற்றருக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் பங்குக்கு ஒரு வரியைச் செருகும். உங்கள் கையில், பையில், உடம்பில் இருக்கிற நிலைமைக்கும் வரிகள் உண்டு. ஓரடி தள்ளி நின்றால் வரிசை மாறிவிடும். வாசலில் எதிரி ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்றால் கதவு வரிக்கு மேலோ கீழோ அவனுடைய துவக்கு வரி வந்து குந்தியிருக்கும். அவசரத்தில் அமுக்கினால் ஸ்கோப் பூட்டிய சொந்தத் துவக்கு நிலத்தில், அவனுடைய வெறும் துவக்கு கையில், கதவு மூடியபடியே. பாலத்தடியில் குண்டை வைத்துவிட்டு அருகிலுள்ள வீட்டுக்குள் ஒதுங்கப் போகிறீர்கள். "கதவைத் திற"வும் "வெடிக்க வை"யும் அடுத்தடுத்த வரி. ஓடிக்கொண்டிருக்கிற ஹெலியில் "வெளியே பாய்" என்ற வரியும் அப்படித்தான். பரசூட் முதுகில் இருக்கிறதா என்று அது கேட்காது.

மூச்சு விடும்போது துவக்கு ஆடுகிற ஆட்டம் வரைக்கும் கணக்குப் பார்த்துச் செய்தவர்கள் கதவை இப்படி விட்டது ஏனென்றுதான் விளங்கவில்லை.

இதற்கு மருந்து உண்டு. முதலாவது ஸ்பேஸ் சாவி. கதவின் பிடியை நேரே பார்த்தால் திரை நடுவில் சின்னக் குறி தோன்றும். அப்போது ஸ்பேஸை அமுக்கினால் பட்டியலுக்குப் போகாமலே திறக்கும். குறி வராவிட்டால் அரையடி பின்னால் வாருங்கள். கதவோடு ஒட்டி நின்றால் அது பிடிபடாது. இரண்டாவது, கட்டுப்பாட்டு அமைப்புக்குள் போய் முந்தைய செயல், அடுத்த செயல், செயலைச் செய் என்ற மூன்றையும் இடது கைக்கு எட்டுகிற சாவிகளுக்கு மாற்றுவது. மாற்றினால் மட்டும் போதாது, அவற்றிலிருந்து சக்கரத்தை நீக்கியும் விட வேண்டும். நீக்காவிட்டால் பழுதான சக்கரம் தானாகத் துள்ளும் நேரமெல்லாம் பட்டியல் தானாக விரியும். வெடிக்கவைக்கும் வரி உள்ளே இருக்கும்போது அது நல்ல காட்சியில்லை.

மூன்றாவது, ஏஸ் என்ற மொட், அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் இணைப்பு. இலவசம். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தின் வேர்க்‌ஷொப்பில் சீபீஏ என்ற அடிப்படை மொட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். இடது விண்டோஸ் சாவியை அமுக்கிப் பிடித்தால் முன்னால் உள்ள ஆளோடும் வாகனத்தோடும் செய்யக்கூடியவை அந்தந்தப் பொருளின் மேலேயே விரியும். கொன்ட்ரோலோடு சேர்த்து அமுக்கினால் உங்களுக்கு நீங்களே செய்பவை. குண்டு ஒரு கிளையில், மருந்து இன்னொரு கிளையில்; தவறி அமுக்க இடமில்லை. ஆனால் பலர் சேர்ந்து விளையாடும்போது அதை நடத்துகிற சேவர்க்காரரும் ஏஸைப் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். இன்னொரு வேடிக்கை: ஏஸில் கதவைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்கலாம். கொன்ட்ரோலையும் ஸ்பேஸையும் பிடித்துக்கொண்டு மெல்ல உருட்ட வேண்டும். எதை? சக்கரத்தைத்தான். தப்ப வழியில்லை.

இனிச் சக்கரம். இது திருகோணமலைக்காரருக்குக் கூடுதலாகப் பொருந்தும். சாதாரண மவுஸ் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் என்கோடர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். அந்தத் தொடுகையைத்தான் கணினி உருட்டலாக எண்ணுகிறது. தகட்டில் தூசியோ ஒக்சைட்டோ படிந்தால் ஒரு தொடுகை இரண்டாகத் தெரியும், அல்லது திசை பிரண்டு தெரியும். உப்புவெளி, நிலாவெளி, டச்பே பக்கம் யன்னலைத் திறந்து வைத்து விளையாடுகிறவர்களுக்கு உப்புக் காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் தூசி. மார்கழி மழையில் ஈரப்பதன். மூன்றும் போதும். எழுதும்போதும் வாசிக்கும்போதும் இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியாது, பக்கம் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். இந்த விளையாட்டில் ஒரு குலுங்கலுக்கு ஒரு உயிர்.

சோதிப்பது இலகு. நீண்ட பக்கம் ஒன்றைத் திறந்து ஒரே திசையில் மெதுவாக உருட்டுங்கள். இடையில் எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல் வந்தால் என்கோடர் போகத் தொடங்கிவிட்டது. டிரைவரை மாற்றுவது, விளையாட்டைத் திரும்ப நிறுவுவது எல்லாம் நேர விரயம்.

துப்புரவாக்க, மவுஸின் அடியில் உள்ள வழுக்குப் பட்டிகளை மெல்லக் கிளப்புங்கள். ஸ்குரூ அதற்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். மேல் மூடியைச் சட்டென்று இழுக்க வேண்டாம், பல மவுஸ்களில் மேலையும் கீழையும் ஒரு நாடா வயர் இணைக்கிறது. என்கோடரின் அச்சு ஓட்டைப் பக்கமாக கொன்டாக்ட் கிளீனரோ 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலோ இரண்டு மூன்று துளி விட்டு, சக்கரத்தை இரண்டு பக்கமும் ஐம்பது அறுபது தடவை சுற்றி, அரை மணித்தியாலம் காயவிட்டுப் பூட்டுங்கள். பாமசியில் விற்கிற 70 சதவீத ஸ்பிரிட்டில் மிச்சம் தண்ணீர். வேறில்லையென்றால் மட்டும், அதுவும் இரவு முழுக்கக் காயவிட்டு. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது. முதல் நாள் வெண்ணெய் போல ஓடும், பிறகு அந்த எண்ணெய்ப் படலமே தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

சில கிழமைக்குள் துள்ளல் திரும்ப வந்தால் தகடு தேய்ந்துவிட்டது, என்கோடரையே மாற்றத்தான் வேண்டும். மூன்று கால், பக்கத்தில் பிடிப்புத் தகடு. சோல்டரிங் தெரிந்த எந்தப் போன் திருத்துகிறவரும் செய்து தருவார். சாமான் மலிவு. பிழைக்கிற இடம் உயரம். என்கோடர்கள் 7 மில்லிமீற்றரிலிருந்து 13 வரை பல உயரத்தில் வருகின்றன. பதினொன்று இருந்த இடத்தில் ஒன்பதைப் பூட்டினால் சக்கரம் தாழ்ந்து நடுச் சுவிச்சை எந்நேரமும் அமுக்கிக்கொண்டிருக்கும். அதாவது பட்டியலில் எது மேலே வந்தாலும் தானாகத் தெரிவாகும். வெடிக்க வை உட்பட.

திட்டிய அளவுக்குப் பாராட்ட ஒரு விசயம் உண்டு. சத்தம்.

படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் இந்த விளையாட்டை உண்மையில் காதால்தான் விளையாட வேண்டும். சன்னம் ஒலியை விட வேகமாகப் போகிறது. ஆகவே தலைக்கு மேலே "சடக்" என்ற வெடிப்பு முதலில். துவக்கு வாயிலிருந்து "டும்" பிறகு. வேறு பல விளையாட்டுகளில் இரண்டும் ஒன்றாய்க் கலந்து வரும். இதில் பிரித்து, தூரத்துக்கு ஏற்றபடி தாமதித்து வருகிறது. சாதாரண ரைபிள் என்றால் 300 மீற்றரில் இரண்டு சத்தத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய அரைச் செக்கன், 600 இல் முக்காலுக்குக் கிட்ட. சடக்கின் திசையை நம்பாதீர்கள், அது சன்னம் போன வழியைத்தான் சொல்லும். டும் வந்த பக்கம்தான் ஆள். துவக்கு வாயில் பொறி தெரிந்தால் கணக்கு இன்னும் இலகு: பொறியிலிருந்து டும் வரை ஒரு செக்கனுக்கு 340 மீற்றர். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத் தீவு கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு மூன்று செக்கன். தூரம் பிடிபட்டதும் பேஜ் அப், பேஜ் டவுனால் குறியைச் சரிபண்ணி, மதிலிலோ யன்னல் விளிம்பிலோ துவக்கை வைத்து சீ சாவியை அமுக்கினால் துவக்கு ஆடுவது அடங்கும். இந்த வைத்துச் சுடும் வசதி 2015 இல் எல்லோருக்கும் இலவசமாகச் சேர்ந்தது. அதற்கு முன்னர் ஓடிவிட்டு வந்து 400 மீற்றரில் குறிபார்ப்பதென்பது வள்ளத்தில் நின்று ஊசியில் நூல் கோர்க்கிற வேலை.

இதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், காதை மூடுகிற சாதாரண ஹெட்போன் போதும். எங்கள் ஊரில் ஹெட்போன் எப்படியும் வேண்டும். அறைக்கு வெளியே இருக்கிற முப்பது தாண்டியவர்களுக்கு அந்த இரண்டு சத்தத்தின் இடைவெளி ஏற்கெனவே தெரியும். இரவு பதினொரு மணிக்கு அதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

பிரேம் வேகம், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது பற்றிக் கேட்பீர்கள். புதுக் கிராபிக்ஸ் கார்ட்டை நம்பி வாங்காதீர்கள். வேலையின் பெரும்பகுதி புரொசெசரின் ஒரு கோரில் நெரிபடுகிறது. நூறு கணினி ஆட்கள் மோதும்போது 30க்குக் கீழே போகும், படத் தரத்தைக் குறைத்தாலும் ஏறாது. ஏற்றுவது பார்வைத் தூரத்தைக் குறைப்பதுதான். மொத்தம் 2000 முதல் 2500 மீற்றர், பொருட்களுக்கு 1200 முதல் 1500 வைத்துத் தொடங்குங்கள். நிலத் தரத்தை ஆகக் குறைத்தால் புல்லே மறைந்துவிடும், எதிரி வெட்டவெளியில் படுத்திருப்பது போலத் தெரிவான், அது களவு. 2025 இல் வந்த 2.20 பதிப்புக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் திருந்தியிருக்கிறது. எஸ்எஸ்டி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக நடத்துவதென்றால் ரவுட்டரில் யூடீபீ போர்ட்டுகளை, அதாவது தரவு வந்து போகும் இலக்கமிட்ட வாசல்களை, 2302 முதல் 2306 வரை திறக்க வேண்டும். சிம் போட்ட 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இது சரிவராது. ஏனென்றால் வெளியிலிருந்து உங்களைத் தேடி வருவதற்கான பொது ஐபி முகவரி உங்களுக்குத் தனியாகக் கிடைப்பதில்லை. பைபர் உள்ளவர் வீட்டில் நடத்துங்கள். கணினி ஆட்களின் மூளையும் அந்தக் கணினியில்தான் ஓடும் என்பதால் நல்ல புரொசெசரும் அவரிடமே இருக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லோரும் போவார்கள், ஆகவே ரவுட்டருக்கும் சேர்த்து யூபீஎஸ்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. சண்டை நடக்கிற அல்டிஸ் தீவு 270 சதுரக் கிலோமீற்றர், கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைப் பார்த்துச் செய்தது. 2012 இல் அங்கே போன நிறுவன ஊழியர் இருவரை, இராணுவ இடங்களைப் படம் எடுத்தார்கள் என்று கைதுசெய்து நாலு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். கடற்படைத் தளத்துப் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாதென்று சின்ன வயதிலேயே படித்த ஊருக்கு இது புதினமில்லை. காய்ந்த புல், பற்றை, வெளிறிய பாறை, எந்த மேட்டில் ஏறினாலும் கடல் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகியதாகவே படும்.

மேலதிகப் பொதிகளில் ஒன்றுக்கு மட்டும் காசு கொடுக்கலாம்: 2017 இல் வந்த லோஸ் ஒஃப் வோர். சண்டை முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றுகிறவர் பக்கத்திலிருந்து கதை போகிறது. அந்த ஆண்டின் நேரடி விற்பனை வருமானத்தில் பாதி செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கு என்று அறிவித்துத்தான் விற்றார்கள். நம் மாகாணத்தில் அதை விளையாடுகிறவருக்குப் பயிற்சிப் பாடம் தேவைப்படாது.

இவ்வளவு சொன்ன பிறகு, எடுக்கலாமோ என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். 2013 இலிருந்து இன்று வரை ஒரு கதவை ஒழுங்காகத் திறக்கவைக்காத விளையாட்டுக்குக் கால் விலையும் கூட. அடுத்த கிழமை கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம், ஆனால் இந்தக் கிழமைதானே கேட்டீர்கள்.

இல்லை, எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மவுஸை முதலில் திறந்து என்கோடரின் உயரத்தை அளந்து வையுங்கள். பழையது கையில் இருக்கும்போதே அளப்பது நல்லது. கழற்றி எறிந்த பிறகு 9 ஆ 11 ஆ என்று கடைக்காரர் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.