பாக்கெட் பெனட்ரோமீட்டர்: வாங்கலாம், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்

களிமண் எவ்வளவு கெட்டி என்று அழுத்திப் பார்க்கும் கருவி, மூன்று வருடமாக என் பையில் கிடக்கும் சாமான் இது. பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், முனையில் 6.35 மி.மீ. விட்டமுள்ள தண்டு, மேலே 0 முதல் 4.5 வரை அளவுக்கோடு, அழுத்தும்போது அதில் நகர்ந்து நிற்கும் ஒரு வளையம், அவ்வளவுதான். மண்ணுக்குள் இறக்கி எடுத்த ட்யூபிலிருந்து தள்ளி எடுத்த களிமண் சாம்பிளின் முகத்தைச் சமமாகச் சீவிவிட்டு, தண்டிலுள்ள கோடு மண்ணைத் தொடும் வரை (அதுவும் 6.35 மி.மீ. ஆழம்தான்) ஒரே சீராக, மெதுவாக அழுத்த வேண்டும். வளையம் நின்ற இடம்தான் ரீடிங். சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று யுசிஎஸ் மதிப்பை (பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் மண் தாங்கும் அழுத்த வலிமை) தோராயமாகச் சொல்லிவிடும். அதில் பாதிதான் ஷியர் வலிமை, அதாவது மண் சறுக்கி உடையாமல் தாங்கும் வலிமை. இதை மறந்துவிட்டு முழு எண்ணையும் கணக்கில் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இது இல்லாத நேரத்தில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் எழுதுவோம். ஆனால் ஆளுக்கு ஆள் விரல் வேறு, பன்னிரண்டாவது சாம்பிள் வரும்போது அதே விரலே வேறு! இந்தக் கருவியில் ரீடிங் 0.5-க்கும் 1-க்கும் நடுவில் வந்தால் மீடியம், 2 வரை ஸ்டிஃப், 4 வரை வெரி ஸ்டிஃப், அதைத் தாண்டினால் ஹார்டு என்று போர்லாகில் (துளை போட்ட இடத்தின் மண் விவரப் பதிவில்) தயங்காமல் எழுதலாம். அந்த வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை.

சேறு மாதிரி இளகிய களிமண்ணில் மட்டும் தண்டு சும்மா உள்ளே போய்விடும், ரீடிங்கே எழும்பாது. அதற்கு 25 மி.மீ. வட்டக் கால் ஒன்றை மாட்ட வேண்டும். பரப்பு பதினாறு மடங்கு ஆகிவிடுவதால் ரீடிங்கைப் பதினாறால் வகுக்கணும். ஒருநாள் வகுக்க மறந்து, விரல் வழுக்கிக்கொண்டு போன மண்ணுக்கு ஸ்டிஃப் என்று எழுதி வைத்தேன். நல்லவேளை, மறுநாள் ஈரப்பத அளவைப் பார்த்தபோது எங்கோ உதைக்கிறதே என்று பிடித்துவிட்டேன்.

அப்புறம், வெடிப்பு விழுந்த களிமண்ணில் இது பொய் சொல்லும். முனை சின்னது, இரண்டு வெடிப்புக்கு நடுவிலுள்ள கட்டியைத்தான் அளக்கும், மொத்த மண்ணும் அவ்வளவு கெட்டி கிடையாது. சின்னக் கல் ஒன்று மாட்டினாலும் எண் எகிறும். அதனால் ஐந்தாறு இடத்தில் குத்தி, ஒட்டாத எண்ணைத் தள்ளிவிடுவேன். ட்யூபின் ஓரத்தில், காய்ந்துபோன முகத்தில் குத்தவே கூடாது. மணல் கலந்த மண் என்றால் கருவியைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

குறை என்றால் வளையம்தான். அதில் தூசி ஏறினால் இறுகிவிடும், தேய்ந்தால் கருவியைத் திருப்பும்போதே நகர்ந்துவிடும். நான் முதலில் வாங்கிய மலிவான பீஸில் ஆறே மாதத்தில் இதுதான் நடந்தது. வாங்கும்போது இரண்டு முறை அழுத்தி விட்டு, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வளையம் அசையாமல் நின்றால் எடுக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அஸ்திவாரக் கணக்குக்கு எண் வேண்டுமென்றால் மட்டும் இதை நம்பாமல் சாம்பிளை லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.