பெங்களூரு பால்கனியில் பறவை பார்க்க: ஃபீடரா, தண்ணீர்ச் சட்டியா, செடியா?

ஆன்லைனில் 'பேர்ட் ஃபீடர்' என்று தேடினால் பெரும்பாலும் ஒரே சாமான்தான் வருகிறது. உள்ளே தானியம் கொட்டும் பிளாஸ்டிக் குழாய், கீழே உட்கார ஒரு விளிம்பு. விளம்பரப் படத்தில் அதன்மேல் சிவப்புக் கார்டினலோ நீல ஜேயோ உட்கார்ந்திருக்கும், இரண்டுமே அமெரிக்கப் பறவைகள். ஒயிட்ஃபீல்டிலோ ராமமூர்த்தி நகரிலோ நாலாவது மாடியில் அதை மாட்டினால் யார் வருவார்கள் என்று அந்தப் படம் சொல்லாது. நான் சொல்கிறேன்: புறா.

தானிய ஃபீடர் ஒரு மோசமான யோசனை இல்லை, ஊர்தான் மாறிவிட்டது. குளிர் நாடுகளில் பனி மூடிவிட்டால் விதையும் பூச்சியும் கிடைப்பது கஷ்டம், அதனால் விதை உடைக்கும் பறவைகள் தோட்டத்து ஃபீடரைத் தேடி வரும். பெங்களூரில் ஜனவரி ராத்திரிகூட 15 டிகிரி வாக்கில்தான் இருக்கும், ஏதாவது ஒரு மரம் பூத்தோ காய்த்தோ கொண்டேயிருக்கும். அதைவிட முக்கியமாக, இங்கே நாம் ஆசைப்பட்டுப் பார்க்கிற பறவைகளில் பலவும் தானியத்தைத் தொடவே தொடாது. தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும் வேண்டும், தையல்சிட்டுக்குப் பூச்சி, குக்குறுவானுக்குப் பழம், கொண்டை வைத்த புல்புலுக்குப் பழமும் பூச்சியும். கம்பும் நொய்யும் போட்டால் வரக்கூடியவை சிட்டுக்குருவி, சில்லை, பச்சைக்கிளி, அப்புறம் புறா. முதல் மூன்றும் உங்கள் ஏரியாவில் இருந்தால்தான் வரும், புறா எல்லா ஏரியாவிலும் இருக்கிறது.

'சிட்டுக்குருவியைக் காப்பாற்றத்தான் போடுகிறேன்' என்பவர்களுக்கு ஒன்று. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழு பூச்சியைத்தான். ஒரு செடிகூட இல்லாத கான்கிரீட் வளாகத்தில் ஒரு கிலோ கம்பு கொட்டினாலும் குஞ்சு வளராது.

புறா விஷயம் மணிக்கணக்கில் பேசலாம். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சு, சாப்பாடு கிடைத்தால் வருஷம் முழுக்க இதே வேலை, அதுவும் உங்கள் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால். காய்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும், கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும் அளவுக்கு முற்றும். மும்பையில் 2025இல், புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், தெருவில் போராட்டமும் நடந்தது. இங்கே அவ்வளவு தூரம் போகாது, கீழ்வீட்டு ஆன்ட்டி அசோசியேஷன் குரூப்பில் எச்சம் விழுந்த துணியைப் போட்டோ எடுத்துப் போடுவார், அடுத்த வாரம் எல்லா பால்கனிக்கும் புறா வலை வரும். பறவை பார்க்க ஃபீடர் வாங்கிக் கடைசியில் எந்தப் பறவையும் உள்ளே வராதபடி வலை கட்டியதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் பிறகு தானியம்தான் வேண்டும் என்றால், சுற்றிலும் கம்பிக்கூண்டு வைத்த ஃபீடராகப் பாருங்கள், சின்னப் பறவை நுழையும், புறாவால் முடியாது. கீழ்த்தளத்தில் தோட்டம் இருக்கிறது, பக்கத்தில் புல் மண்டிய காலி சைட்டோ ஏரிக்கரையோ இருக்கிறது, சிட்டுக்குருவியும் சில்லையும் ஏற்கனவே கண்ணில் படுகின்றன என்றால் மட்டும் இது சரிவரும். காலையில் ஒரு பிடி தினை, அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கழுவாமல் தொங்கவிடவே கூடாது. பிரிட்டனில் கிரீன்ஃபின்ச் என்ற பறவை 2005க்குப் பிறகு லட்சக்கணக்கில் குறைந்ததற்குக் காரணமான தொண்டை நோய் பரவியதில் ஃபீடர்களில் கூடித் தின்றதற்கும் பங்கு உண்டு.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் காக்காவுக்குச் சோறு வைப்பார், அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை, நிறுத்தச் சொல்லப் போவதும் இல்லை. ஆனால் காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கும், அதனால் தேன்சிட்டு கூடு கட்டுகிற பக்கத்தில் வைக்காமல் வேறு ஜன்னலில் வைக்கச் சொல்லலாம்.

சர்க்கரைத் தண்ணீர் ஃபீடர்: வேண்டாம். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இருக்கிற ஹம்மிங்பேர்டுக்காகச் செய்தது. அந்தப் பறவை அந்தரத்தில் நின்றபடி குடிக்கும், நம் தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும், பல மாடல்களில் உட்கார இடமே இருக்காது. வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், எறும்பு வேறு.

பழத்தட்டுக்கு என் வீட்டில் இரண்டாம் இடம் கொடுத்திருப்பேன், அணில் இல்லாவிட்டால். பப்பாளி, கொய்யா, வாழைப்பழத் துண்டு வைத்தால் புல்புலும் மைனாவும் வரும், மரம் கிளை தொடும் தூரத்தில் இருந்தால் குயிலும் பச்சைக் குக்குறுவானும் எட்டிப்பார்க்கும். போட்டோ எடுக்கிறவர்களுக்கு இதுதான் லாபம், பறவை கொஞ்ச நேரம் நின்று சாப்பிடும். சாயங்காலம் தட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பழ ஈயும் ராத்திரி வௌவாலும் வரும். பத்தாவது மாடியில் இதற்கு வேலை இல்லை.

தண்ணீர்ச் சட்டிதான் என் கணக்கில் முதல். பூச்சி தின்பது, பழம் தின்பது, தேன் குடிப்பது எல்லாவற்றுக்கும் தண்ணீர் பொது, மார்ச் முதல் மே வரை கேட்கவே வேண்டாம். அகலமான மண் சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று. குடிப்பதைவிடக் குளிப்பதைப் பார்ப்பது இன்னும் நன்றாக இருக்கும், தையல்சிட்டு முக்கி எழுந்து இறகைச் சிலுப்பும்போது ஜன்னல் கண்ணாடி வரை தெறிக்கும். புறா இங்கேயும் வரும், அதை மறைக்கவில்லை, ஆனால் தானியத்துக்குக் கூடுவதுபோல இதற்குக் கூட்டமாகத் தங்குவதில்லை. (கவனித்துப் பாருங்கள், புல்புல் ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி விழுங்கும், புறா தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும்.) ஒரே ஒரு கண்டிப்பு, தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதிதாக ஊற்ற வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. 2024 மார்ச்சில் டேங்கருக்கு அலைந்த ஊர்தான் இது, ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீர் எந்த வீட்டிலும் மிஞ்சும்.

செடிக்குப் பொறுமை வேண்டும், சில மாதம் ஆகும். தேன்சிட்டு தினமும் வர வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. நல்ல வெயில் விழுகிற பால்கனியில் ஒரு பெரிய தொட்டியில் ஹமேலியா வையுங்கள், ஆரஞ்சு நிறக் குழல்பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும். வேடிக்கை, இதுவும் அமெரிக்கச் செடிதான், அங்கே ஹம்மிங்பேர்டுக்குப் பெயர்போனது, ஆனால் ஃபீடர் போல இல்லாமல் இது நம் தேன்சிட்டுக்கும் பொருந்துகிறது. இட்லிப்பூவும் செம்பருத்தியும் இருந்தால் நல்லது. லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளில் எல்லாமே கிடைக்கும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், இலையில் இருக்கும் சிலந்தியும் புழுவும்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு, கூட்டை ஒட்டுவதற்கும் தேன்சிட்டு சிலந்தி வலையைத்தான் எடுக்கும். தெருவில் கன்னடக்காரர்கள் கசகசே மரம் என்று சொல்கிற சின்னச் சிவப்புப் பழ மரம் இருந்தால், குப்பை விழுகிறது என்று வெட்டச் சொல்லி மனுப் போடுகிறவர்களோடு சேராதீர்கள், பூக்கொத்தியும் குக்குறுவானும் வருவது அதற்காகத்தான்.

வலை ஏற்கனவே கட்டிய வாடகை வீடா? சட்டியை விட்டுவிட்டு நேராகச் செடிக்குப் போங்கள். தொட்டி உள்ளேயே இருக்கட்டும், பூக்கும் கிளையை மட்டும் வலைக்கண் வழியாக வெளியே நீட்டிவிட்டால், தேன்சிட்டு வெளியே உட்கார்ந்தபடியே குடித்துவிட்டுப் போகும்.