டெஸ்க்டொப் பவர் செட்டிங்ஸ்: திருகோணமலை வெக்கைக்குள்ள கனகாலம் பாவிச்ச அனுபவம்

என்னட்ட இருக்கிறது இன்டெல் ஐ5 10400 ப்ரொசெசர் போட்ட டெஸ்க்டொப், கூலர் ப்ரொசெசர் பெட்டிக்குள்ள வந்த அதே கூலர்தான், அறையில ஏசி இல்ல. கலியாண வீடியோ வெட்டுறதும் போட்டோ எடிட்டிங்கும்தான் முக்கிய வேலை. விண்டோஸ் 10ல தொடங்கி இப்ப 11க்கு வந்தாச்சு, இவ்வளவு காலமும் நான் கை வைச்ச செட்டிங்குகளுக்குள்ள உண்மையா வித்தியாசம் காட்டினது ஒண்டுதான், அதான் மெக்ஸிமம் ப்ரொசெசர் ஸ்டேட், ப்ரொசெசர் ஆகக்கூட எத்தின வீதம் வேகத்துக்குப் போகலாம் எண்டு விண்டோஸ் வைக்கிற எல்லை.

கொன்ட்ரோல் பெனலுக்குள்ள பவர் ஒப்ஷன்ஸ், அதில சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், பிறகு அட்வான்ஸ்ட், அதுக்குள்ள ப்ரொசெசர் பவர் மனேஜ்மென்ட் எண்டு இருக்கும். அங்க 100 எண்டு கிடக்கிறத 99 ஆக்கினா காணும், டர்போ, அதாவது ப்ரொசெசர் தன்ட வழமையான வேகத்தத் தாண்டித் தானாப் பாயுறது, நிண்டிடும். 4.3 கிகாஹேட்ஸ் வரைக்கும் பாயுற ப்ரொசெசர் தன்ட பேஸ் ஸ்பீடான 2.9 பக்கத்திலயே நிக்கும். ஒரு வீதம் குறைச்சதுக்கு இவ்வளவு மாற்றமா எண்டு கேப்பீங்கள், டர்போ முழுக்க அந்தக் கடைசி ஒரு வீதத்துக்குள்ளதான் இருக்கு.

இதில விசயம் என்னெண்டா ஸ்பீட் கூட்டவேணுமெண்டா வோல்டேஜும் கூட்டவேணும், வோல்டேஜ் கூடினா பவர் அதின்ட வர்க்கத்துக்கு ஏறும், அதால மேல இருக்கிற அந்தக் கொஞ்ச ஸ்பீடுக்குத்தான் சூடு ஆகக்கூட. பெட்டியில 65 வொட்ஸ் எண்டுதான் போட்டிருக்கு, ஆனா டர்போவில கொஞ்ச நேரத்துக்கு அதவிட எக்கச்சக்கமா இழுக்கும், சில மதர்போட் பவருக்கு இருக்கிற லிமிட்டயே எடுத்துவிட்டிருக்கும். ஆடி மாசம் கச்சான் காத்து வீசேக்க எங்கட அறை எப்பிடி இருக்குமெண்டு இங்க இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, அந்த நேரம் வீடியோ எக்ஸ்போட் போட்டா ஃபேன் கத்துற கத்தில பக்கத்தில கதைக்கிறது கேக்காது. 99ல போட்டா அதே வேலை கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், ஆனா ஃபேன் சத்தம் அடங்கிப்போகும், கேஸ்ல கை வைச்சாலே வித்தியாசம் விளங்கும்.

கேம் விளையாடுற ஆக்களுக்கு இது சரிவராது. மருமகன் வந்து இருந்தா “மாமா, கேம் இழுக்குது” எண்டுதான் முதல் சொல்லுவான், அது உண்மைதான், எஃப்பிஎஸ், அதாவது செக்கனுக்கு எத்தின படம் ஓடுது எண்டது, குறையும். அதுக்காக ரெண்டு பிளான் செய்து வைச்சிருக்கிறன், ஒண்டு 99, மற்றது 100, அவன் வந்தா மாத்திவிடுறதுதான்.

விண்டோஸோட வாற ஹை பெர்ஃபோமன்ஸ் பிளான பற்றிக் கனபேர் பெரிசாச் சொல்லுவினம். அது செய்யிறது முக்கியமா மினிமம் ஸ்டேட்டயும், அதாவது ஆகக்குறைஞ்ச வேக எல்லையயும், 100 ஆக்கிறது, அதால சும்மா இருக்கேக்கயும் டாஸ்க் மனேஜரில பெரிய நம்பர் காட்டும். வேலை இல்லாட்டி கோர்கள் எப்பிடியும் நித்திரைக்குப் போயிடும், அதால கரண்ட் பில் பாயப்போறதும் இல்ல, ஆனா என்ட வேலையில வேகமும் கூடினதா தெரியேல்ல. விண்டோஸ் வழமையா வைச்சிருக்கிற பலன்ஸ்ட் பிளான் தாராளமாக் காணும். விண்டோஸ் 11ல செட்டிங்ஸுக்குள்ள வாற பவர் மோட் வேற, இந்தப் பிளான் வேற, ரெண்டையும் குழப்பாதீங்கோ, பவர் மோட மாத்திறதெண்டா பலன்ஸ்ட் பிளானில நிக்கவேணும்.

மெசின் கெதியா எழும்பவெண்டு விண்டோஸில இருக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஓஃப் பண்ணிவிட்டன். அது ஒன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸின்ட உள்பகுதி டிஸ்க்கில சேமிச்சு வைச்சிட்டுத்தான் நிக்கும், டிரைவர் ஏதும் குழம்பினா ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் முழுசாப் புதுசா எழும்பும். எஸ்எஸ்டி போட்ட மெசினில அது மிச்சம் பிடிக்கிற செக்கன் பெரிசா ஒண்டுமில்ல.

கரண்ட் போய்ப் போய் வாற வீடெண்டா ரெண்டு விசயம் கட்டாயம் பாருங்கோ. ஒண்டு பயோஸில, அதாவது விண்டோஸ் எழும்ப முதல் வாற மதர்போட் செட்டிங்ஸில, ஏசி பவர் லொஸ் எண்டு வாற ஒப்ஷன், அத பவர் ஓஃப் எண்டு வையுங்கோ, இல்லாட்டி கரண்ட் வந்து வந்து போற நேரம் மெசினும் சேந்து எழும்பி எழும்பி விழும், ஹாட் டிஸ்க்குக்கு அது கூடாது. மற்றது ஹைப்ரிட் ஸ்லீப், இது ஒன்ல இருந்தா ஸ்லீப் போகேக்க ரமில இருக்கிறது டிஸ்க்கிலயும் எழுதப்படும், இடையில கரண்ட் போனாலும் வேலை பத்திரமாக் கிடக்கும். கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ் வாங்கிறதெண்டா யூஎஸ்பி போட் இருக்கிற மொடலாக் கேட்டு வாங்குங்கோ, கேபிளக் குத்தினா விண்டோஸ் அத பட்டரியாப் பாக்கும், பட்டரி முடியப்போகேக்க என்ன செய்யிறதெண்டு சொல்லுற கிரிட்டிக்கல் பட்டரி அக்‌ஷனில ஹைபர்னேட் வைச்சா நீங்கள் வீட்டில இல்லாட்டியும் மெசின் தானா எல்லாத்தையும் சேமிச்சிட்டு நிக்கும்.